பச்சைக் கட்டத்தில் ஒரு வரி

எங்கள் ஆலையில் மனித உரிமைப் பொறுப்பைப் பார்க்கிற இந்த வேலைக்கு மாறி வந்த முதல் வாரம் கம்பெனியின் ரிஸ்க் ரெஜிஸ்டரை, அதாவது கம்பெனிக்கு வரக்கூடிய ஆபத்துகளின் பட்டியலை, திறந்து உட்கார்ந்தேன். பெரிய எக்செல் ஷீட், நூற்றுச் சொச்சம் வரிகள். இரும்புத்தாது விலை ஏறினால் என்ன, நாணய மதிப்பு சரிந்தால் என்ன, டர்பைன் ரோட்டர் வந்து சேர ஆறு மாதம் தாமதமானால் என்ன, சர்வருக்குள் எவனாவது புகுந்தால் என்ன. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு எண்கள்: நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு அடி. இரண்டையும் பெருக்கி வருவதை வைத்து சிவப்பு, மஞ்சள், பச்சை. உருட்டிக்கொண்டே போனேன். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்கிற வரிக்கு இரண்டு வரி மேலே, "மனித உரிமை மீறல்" என்று இருந்தது. வாய்ப்பு 1. அடி 2. பச்சை.

யார் போட்ட எண் என்று விசாரித்தேன். யாருக்கும் ஞாபகம் இல்லை. ஏதோ ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய கேள்வித்தாளில் "உங்கள் ரிஸ்க் பட்டியலில் மனித உரிமை இடம்பெற்றிருக்கிறதா" என்று கேட்டிருந்தார்களாம், ஆமாம் என்று டிக் அடிப்பதற்காக ஒரு வரி சேர்த்தார்களாம். அவ்வளவுதான் அதன் பிறப்பு வரலாறு.

நான் வக்கீல் இல்லை. பதினோரு வருடம் பராமரிப்புப் பிரிவில் திட்டம் போடுகிற வேலை பார்த்தேன். பாய்லர் எத்தனை நாள் நிற்கும், கிரேன் எப்போது வரும், எந்த வெல்டர் எந்த ஷிஃப்ட் என்று கட்டம் கட்டமாக வரைவதுதான் பிழைப்பு. நாலு வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். தள்ளிவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், யாரும் விரும்பிக் கேட்டு வாங்குகிற நாற்காலி இல்லை இது. மனித உரிமை என்ற சொல்லைக் கேட்டதும் ஆலைக்குள் இருக்கிறவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகும். கொடி, கோஷம், கோர்ட் என்று நினைத்துக்கொள்வார்கள். "நம்ம கிட்ட அடிமைகளா இருக்காங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவர்கள் உண்டு. அதனால் முதல் ஒரு வருடம் அந்தச் சொல்லையே நான் பயன்படுத்தவில்லை. ஆட்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்வேன்.

அந்தப் பச்சைக் கட்டத்துக்கு வருகிறேன். கணக்கு தப்பில்லை, கேள்விதான் தப்பு. ஒரு பாய்லருக்குள் சாரம் சரிந்து ஒரு ஆள் விழுந்து இறக்கிறார் என்று வையுங்கள். கம்பெனி கண்ணில் பார்த்தால் சில நாள் வேலை நிற்கும், இழப்பீடு, ஒருவேளை அபராதம், பாதியை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். டர்பைன் பிளேடில் ஒரு விரிசல் வந்தால் ஆகிற நஷ்டத்தின் பக்கத்தில் கூட நிற்காது. ஆகவே பிளேடு சிவப்பு, ஆள் பச்சை. இதை யாரும் கல்நெஞ்சோடு செய்வதில்லை, ஷீட் அப்படிக் கேட்கிறது, நாமும் அப்படியே நிரப்பிவிடுகிறோம்.

2011 ஜூனில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட, தொழிலும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. ஜான் ரக்கி என்ற பேராசிரியர் ஆறு வருடம் அலைந்து, கம்பெனிகளோடும் அரசுகளோடும் பாதிக்கப்பட்டவர்களோடும் உட்கார்ந்து பேசி உருவாக்கிய 31 நெறிகள். முதலில் படித்தபோது எனக்கும் தூக்கம்தான் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ஒரு திருப்பம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வந்துவிடும். ரிஸ்க் என்றால் கம்பெனிக்கு வரும் ரிஸ்க் அல்ல, கம்பெனியால் அடுத்தவனுக்கு வரும் ரிஸ்க். அதை அளக்க மூன்று கேள்விகள். எவ்வளவு ஆழமான பாதிப்பு? எத்தனை பேருக்கு? பழையபடி ஆக்க முடியுமா, முடியாதா? இந்த மூன்றாவது கேள்விதான் கனரகத் தொழிலில் எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது. விடுபட்ட சம்பளத்தை வட்டியோடு கொடுத்துவிடலாம். போன கையை எப்படிக் கொடுப்பது? மணல் அடித்துத் துரு நீக்குகிறவரின் நுரையீரலுக்குள் போன சிலிக்கா தூள் திரும்பி வெளியே வராது. அதனால் வருகிற சிலிகோசிஸ் நோயைக் குணமாக்க மருந்து கிடையாது, அதுவும் பெரும்பாலும் பல வருடம் கழித்துத்தான் மூச்சு வாங்க ஆரம்பிக்கும், அதற்குள் அந்த ஆள் நம் கேட்டைத் தாண்டிப் போய் நாலு கான்ட்ராக்டர் மாறியிருப்பார். நம் ஷீட்டில் அவர் எந்த வரியிலும் வர மாட்டார்.

இதை மீட்டிங்கில் சொன்னபோது நிதிப் பிரிவுத் தலைவர் நேராகக் கேட்டார்: "அப்படிப் பார்த்தா எல்லாமே சிவப்புதானே? எல்லாம் சிவப்புன்னா எதை முதல்ல பாக்குறது?" நல்ல கேள்வி. பதில், மோசமானதை முதலில் பாருங்கள் என்பதுதான். திரும்ப முடியாத பாதிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் போங்கள், வாய்ப்பு குறைவாக இருந்தாலும் போங்கள். கம்பெனிப் பெயர் கெடுமா என்பது அந்த வரிசையைத் தீர்மானிக்கக் கூடாது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்த வரியைப் பச்சையிலிருந்து எடுக்க விட்டார். அன்றைக்கு அது போதும் என்றிருந்தது.

சரி, எங்கே போய்ப் பார்ப்பது? எல்லோரும் முதலில் விரல் நீட்டியது தூரத்தை. தாது வருகிற சுரங்கம், பாகம் வருகிற வேறொரு நாட்டு ஃபவுண்டரி. அதெல்லாம் உண்மைதான், பிறகு சொல்கிறேன். ஆனால் நான் பழைய பராமரிப்பு ஆள். எனக்குத் தெரிந்த இடம் ஷட்டவுன்.

தெரியாதவர்களுக்கு: பெரிய ஆலை எதுவானாலும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை முழுக்க நிறுத்திப் பழுது பார்த்தாக வேண்டும். அந்தச் சில வாரங்களுக்கு உள்ளே வருகிற கூட்டத்தைப் பார்த்தால் திருவிழா போல இருக்கும். சாரம் கட்டுகிறவர்கள், வெல்டர்கள், இன்சுலேஷன் பிரிக்கிறவர்கள், கழுவுகிறவர்கள், பாரம் தூக்கிப் பொருத்துகிற ரிக்கர்கள். நிரந்தர ஊழியர்களைவிடப் பல மடங்கு. ஆலை நிற்கிற ஒவ்வொரு நாளும் நஷ்டம் என்பதால் எல்லோர் கழுத்திலும் காலண்டர் தொங்கும். நாங்கள் ஒரு பெரிய கான்ட்ராக்டருக்குக் கொடுப்போம், அவர் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுப்பார், அந்த மூவரும் மேஸ்திரிகளிடம் ஆள் கேட்பார்கள், மேஸ்திரி எங்கிருந்தோ ஆள் கொண்டுவருவார். நான்காவது படியில் இருக்கிறவரின் பெயரை முதல் படியில் இருக்கிறவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். கேட்டில் ஒரு பெரிய போர்டு வைத்திருப்போம், விபத்தின்றி இத்தனை நாள் என்று. அந்தக் கணக்கில் ரொம்ப நாள் எங்கள் நேரடி ஊழியர்கள் மட்டும்தான் சேர்த்தி. ஒரு கான்ட்ராக்ட் ஆளுக்குக் கால் நசுங்கிய மறுநாள் காலையில் அந்த எண் ஒன்று கூடியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு அது உறுத்தவில்லை.

புது வேலையில் முதல் ஷட்டவுன் வந்தபோது ஆடிட்டர் மாதிரி நோட்டைத் தூக்கிக்கொண்டு யாரையும் பேட்டி எடுக்கப் போகவில்லை. செக்யூரிட்டி அறைக்குப் போய் கேட் பஞ்ச் டேட்டாவைக் கேட்டு வாங்கினேன். உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் கார்டு உண்டு, காட்டினால்தான் சுழல்கதவு திறக்கும், நேரம் பதிவாகும். தீ விபத்து நேர்ந்தால் உள்ளே எத்தனை பேர் என்று தெரிய வேண்டும் என்பதற்காக வைத்தது. இன்னொரு பக்கம் அதே நாட்களுக்கான மஸ்டர் ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டை, கான்ட்ராக்டரிடம் வாங்கினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

மஸ்டர் ரோலில் எல்லோரும் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை. பஞ்ச் டேட்டாவில் சாரம் கட்டுகிற ஒரு குழு காலை 6:10க்கு உள்ளே, இரவு 9:40க்கு வெளியே. ஒரு நாள் இல்லை, பதினேழு நாள் தொடர்ச்சியாக, நடுவில் ஒரு விடுமுறை கூட இல்லாமல். மஸ்டர் ரோலில் கையெழுத்துக் கட்டத்தைப் பார்த்தேன். நாற்பத்தி இரண்டு பெயர், நாற்பத்தி இரண்டு கையெழுத்து, ஒரே நீல மை, ஒரே சாய்வு, கீழே போகப் போக எழுதியவருக்குக் கை வலித்தது கூடத் தெரிந்தது. கடைசி ஏழெட்டு வெறும் கிறுக்கல்.

பதினைந்து மணி நேரம் கண் விழித்த ஆள் உயரத்தில் நின்று அடுத்தவன் நிற்கப் போகிற பலகையைக் கட்டுகிறார். இதைப் பாதுகாப்புப் பிரிவு என்றும் மனித உரிமைப் பிரிவு என்றும் இரண்டாகப் பிரிப்பதே எனக்குப் புரிவதில்லை. 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பாதுகாப்பான, உடல்நலத்துக்குக் கேடில்லாத பணிச்சூழலைத் தன் அடிப்படை உரிமைகளின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன் சங்கம் சேரும் உரிமை, கட்டாய உழைப்பு ஒழிப்பு, குழந்தைத் தொழில் ஒழிப்பு, பாகுபாடின்மை என்று நாலு இருந்தன. ஐந்தாவதாக இது. எங்கள் ஹெல்மெட் ஆசாமிகளுக்கு இதைச் சொன்னபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டார்கள், இத்தனை நாள் நாங்க பார்த்ததும் மனித உரிமைதானா என்று.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் கேட்டோம். பர்ச்சேஸ் பிரிவு உடனே அவரைக் கறுப்புப் பட்டியலில் போடத் தயாராக இருந்தது. அவர் பதற்றப்படவே இல்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். எங்கள் டெண்டர் ஆவணம்தான். ஷட்டவுன் முதலில் 21 நாள் என்று இருந்தது, பிறகு 17 ஆகத் திருத்தப்பட்டது, விலை அப்படியே. "21 நாளுக்குப் போட்ட ஆளை வச்சு 17 நாள்ல முடிக்கணும், ஆளைக் கூட்டினா காசு நீங்க தரலை, நாள் தாண்டினா தினமும் அபராதம். நான் வேற என்ன சார் பண்ணுவேன், நீங்களே சொல்லுங்க" என்றார்.

அந்தத் திருத்தத்தைப் போட்டது திட்டப் பிரிவு. இந்த முறை போட்டது வேறொருவர், ஆனால் அதற்கு முந்தைய இரண்டு ஷட்டவுன்களிலும் நாளைச் சுருக்கியது நான்தான். நான்கு நாள் மிச்சப்படுத்தியதற்குப் பாராட்டு மடல் கூட வாங்கியிருக்கிறேன், வீட்டில் எங்கோ ஒரு ஃபைலில் இருக்கிறது. அந்த நான்கு நாள் எங்கே போனது என்று நான் ஒரு தடவை கூடக் கேட்டுக்கொண்டதில்லை. நாள் எங்கேயும் போகவில்லை, அந்த நாற்பத்தி இரண்டு பேரைப் போன்றவர்களின் ராத்திரிக்குள் போயிருந்தது.

ஐ.நா. நெறிகளில் இதற்கு ஒரு பாகுபாடு உண்டு. பாதிப்பை நாமே உண்டாக்கினோமா, உண்டாக அதில் நமக்கும் பங்கு இருக்கிறதா, அல்லது நம் வியாபார உறவின் வழியாக நம் பொருளோடோ சேவையோடோ தொடர்பு மட்டும் இருக்கிறதா. பங்கு இருந்தால் நிறுத்தவும் வேண்டும், பரிகாரத்திலும் பங்கெடுக்க வேண்டும். தொடர்பு மட்டும் என்றால் நம் செல்வாக்கை வைத்து அடுத்தவரை மாற்ற முயல வேண்டும். கம்பெனிகள் எப்போதும் மூன்றாவது நாற்காலியில் உட்காரத்தான் ஆசைப்படும். "அது கான்ட்ராக்டர் பிரச்சினை" என்ற வாக்கியத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன், எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஆனால் காலண்டர் நம்முடையது, விலை நம்முடையது, அபராத விதி நம்முடையது என்றால் நாம் இரண்டாவது நாற்காலியில்தான் இருக்கிறோம். அந்தத் தாளை மேஜையில் பார்த்த பிறகு கறுப்புப் பட்டியல் பேச்சு அடங்கிப்போனது. விடுபட்ட ஓவர்டைம் பஞ்ச் டேட்டாவை வைத்துக் கணக்கிடப்பட்டது, பாதி கான்ட்ராக்டர், பாதி நாங்கள். பணம் ஆளுடைய கைக்கே போகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் இரண்டு மாதம் ஆனது, ஏனென்றால் அதற்குள் பாதிப் பேர் வேறு ஷட்டவுனுக்குப் போய்விட்டார்கள். ஒன்பது பேரை இன்று வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தத் தேடலின் போதுதான் அடுத்தது வெளியே வந்தது. ஒரு வெல்டரின் தங்குமிடத்துக்குப் போயிருந்தேன். இரண்டடுக்குக் கட்டில்கள், கம்பியில் தொங்கும் துணி, ஒரே ஒரு மின்விசிறி. பணம் வரப்போகிறது என்றதும் அவர் சந்தோஷப்படாமல், "மேஸ்திரிக்குத் தெரியுமா?" என்றுதான் முதலில் கேட்டார். ஏன் என்றேன். கட்டில் மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். வேலைக்குச் சேர்த்துவிட்டதற்கு ஏழு மாதச் சம்பளம் கடன், மாதாமாதம் எவ்வளவு கழித்தார்கள், மீதி எவ்வளவு என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அடையாள ஆவணம் மேஸ்திரியின் பெட்டியில், "பத்திரமா இருக்கட்டும்னு". யாரும் அவரைக் கட்டிப்போடவில்லை, அடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது, அவ்வளவுதான்.

அடிமைகளா இருக்காங்க என்று சிரித்தவர்களுக்குச் சொல்ல எனக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. கட்டாய உழைப்பை அடையாளம் காண சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 11 அறிகுறிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அதில் கடன் பிணை உண்டு, ஆவணத்தைப் பிடித்து வைத்தல் உண்டு, அளவு மீறிய ஓவர்டைம் உண்டு. மூன்றும் ஒரே கட்டிலில். அதே அமைப்பும் கூட்டாளிகளும் போட்ட கணக்கில் 2021-ல் உலகம் முழுக்கக் கட்டாய உழைப்பில் இருந்தவர்கள் 2 கோடியே 76 லட்சம் பேர். ஆள் சேர்க்கும் தனியார் முகவர்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 1997-லேயே ஒரு உடன்படிக்கை வந்துவிட்டது, எண் 181. சேர்க்கும் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்பது இன்று பல பெரிய கம்பெனிகளின் கொள்கைத் தாளில் அழகாக அச்சாகியிருக்கிறது. எங்கள் தாளிலும் இருந்தது. மேஸ்திரி அந்தத் தாளைப் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் ஆடிட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஜன்னல்களில் இரும்புக் கம்பி, தப்பிக்க வழியில்லை. அந்த ஆலைக்கு எஸ்.ஏ.8000 என்ற பணியிடத் தரச் சான்றிதழ் சில வாரங்களுக்கு முன்புதான் கிடைத்திருந்தது. ஆடைத் தொழில்தானே என்று தள்ளினால், 2019 ஜனவரி 25, பிரேசிலின் புருமாடின்யோ. வாலே நிறுவனத்தின் இரும்புத்தாதுக் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். ஸ்திரத்தன்மைச் சான்றிதழ் முந்தைய வருடம்தான் வாங்கியிருந்தார்கள். ஆனால் எனக்கு அந்தச் சம்பவத்தில் மறக்க முடியாதது சான்றிதழ் இல்லை. தொழிலாளர்களின் உணவுக்கூடமும் அலுவலகமும் அணைக்குக் கீழே, சேறு வருகிற வழியில் இருந்தன. உடைந்தது மதியச் சாப்பாட்டு வேளை. அந்த உணவுக்கூடத்தை அங்கே வைக்கும்போது வரைபடத்தில் ஒருவர் கோடு போட்டிருப்பார். என்னைப் போல ஒருவர்.

ஆடிட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அறிவித்துவிட்டு வருகிற ஆடிட்டர், மேனேஜர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பத்துப் பேரை, சூப்பர்வைசர் வாசலில் நிற்க, மொழி தெரியாமல் பேட்டி எடுப்பதில் ஒன்றும் வராது என்கிறேன். பஞ்ச் டேட்டா, வங்கிப் பரிமாற்றம், மருத்துவ அறைப் பதிவேடு, கேன்டீன் எண்ணிக்கை, இவையெல்லாம் வேறெதற்காகவோ எழுதப்பட்டவை, அதனால் பொய் சொல்லப் பழகாதவை. அதை முதலில் பாருங்கள்.

புகார்ப் பெட்டி பற்றியும் ஒரு வார்த்தை. எங்களிடம் ஒன்று இருந்தது, நல்ல ஸ்டீல் பெட்டி, பூட்டோடு. சூப்பர்வைசர் அறைக் கண்ணாடிக்கு நேர் எதிரே, சிசிடிவி கேமராவுக்குக் கீழே. மூன்று வருடத்தில் வந்தது இரண்டு புகார்கள், இரண்டும் கேன்டீன் பற்றி. அதைப் "பிரச்சினையே இல்லை" என்பதற்கு ஆதாரமாக அறிக்கையில் வேறு போட்டிருந்தோம். புகார் வராத இடம்தான் எனக்கு இப்போதெல்லாம் பயம். பெட்டியைத் தூக்கிவிட்டு, தங்குமிடங்களில் ஒரு போன் எண், அவர்கள் பேசுகிற ஐந்து மொழிகளில், எடுப்பது எங்கள் ஆள் இல்லை, வெளி அமைப்பு. முதல் மாதம் ஒரு அழைப்பும் இல்லை. இரண்டாவது மாதம் மூன்று. அதில் ஒன்றுக்கு ஒரு வாரத்துக்குள் பதில் கிடைத்து, சொன்னவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது தெரிந்த பிறகு, நாற்பதுக்கு மேல். மேலிடத்தில் ஒரே கலவரம், புகார் கூடிவிட்டதே என்று. கூடினால்தான் வேலை செய்கிறது என்பதைப் புரியவைக்க எனக்கு அந்த வருடம் முழுக்கப் போனது.

வேலிக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு, அதனால் நீட்ட மாட்டேன். ஆனால் இரண்டு சம்பவங்களை எந்த மீட்டிங்கிலும் விடாமல் சொல்வேன். ஆஸ்திரேலியாவில் ஜூகன் பள்ளத்தாக்கு, 2020 மே மாதம். 46,000 வருடம் பழைய மனித வாழ்வின் தடயம் இருந்த குகைகளை ரியோ டின்டோ இரும்புத்தாதுக்காக வெடிவைத்துத் தகர்த்தது. அந்த மண்ணின் மூத்த குடிகள் வேண்டாம் என்றார்கள். கம்பெனியிடம் அரசு அனுமதி இருந்தது, சட்டப்படி எல்லாம் சரி. தலைமை அதிகாரி உட்பட மூன்று பெரிய தலைகள் பிறகு பதவியை விட்டுப் போக வேண்டி வந்தது. சட்டம் அனுமதித்தது என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. இன்னொன்று தென்னாப்பிரிக்காவின் மாரிகானா. 2012 ஆகஸ்ட் 16 அன்று லான்மின் பிளாட்டினச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த 34 தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்தக் கம்பெனி தொழிலாளர்களுக்கு 5,500 வீடு கட்டித் தருவதாகச் சுரங்க உரிமத்துக்கான திட்டத்தில் எழுதிக் கொடுத்திருந்தது. கட்டியது மூன்று, அதுவும் மாதிரி வீடுகள். அந்த எண் வருடா வருடம் யாரோ ஒருவரின் அறிக்கையில், ஏதோ ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருந்திருக்கும்தானே.

தூரத்துச் சப்ளையர் விஷயம்: காங்கோ பகுதியில் ஆயுதக் குழுக்களுக்குப் பணமாகிற தாதுக்கள் என்று டங்ஸ்டன், டின், டான்டலம், தங்கம் பற்றி அமெரிக்கா 2010-லேயே சட்டம் போட்டது, கோபால்ட்டைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். எங்கள் கட்டிங் டூல்களில் டங்ஸ்டன், பேட்டரிகளில் கோபால்ட். எங்களுக்கு இருக்கும் செல்வாக்கு தனியாகக் கொஞ்சம், மற்ற வாங்குபவர்களோடு சேர்ந்தால் கொஞ்சம் கூட. ஆயிரக்கணக்கான சப்ளையர்களுக்கு நூற்றைம்பது கேள்விகள் கொண்ட படிவம் அனுப்பி, வந்த டிக்குகளை எண்ணிச் சதவீதம் போடுகிற வேலையை மட்டும் நான் நிறுத்திவிட்டேன். அதை நிரப்புவது யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் ரெஜிஸ்டரில் அந்த வரியைச் சேர்த்த அதே ரக ஆசாமிதான்.

கம்பெனிகள் இதையெல்லாம் பார்க்கவோ வெளியே சொல்லவோ வேண்டும் என்கிற சட்டங்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. பிரிட்டன் 2015, பிரான்ஸ் 2017, ஜெர்மனி 2023. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணை 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது, அடுத்த வருடமே தேதிகளைத் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்ட செய்தி வந்த அன்று எங்கள் ஆபீஸில் ஒருவர், "அப்பாடா, உனக்கு இனிமே லீவுதான்" என்றார். நான் அவருக்கு 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வேதாந்தா வழக்கில் சொன்னதைச் சொன்னேன். ஜாம்பியாவில் செம்புச் சுரங்கத்தால் தண்ணீரும் நிலமும் கெட்டதாகச் சொன்ன கிராமத்தவர்கள், லண்டனில் இருக்கும் தாய்க் கம்பெனி மேல் அங்கேயே வழக்குப் போடலாம் என்று தீர்ப்பு. துணைக் கம்பெனி தனி, நாங்கள் தனி என்ற வாதம் அந்தக் கட்டத்தில் எடுபடவில்லை. குழுமம் முழுமைக்கும் இப்படித்தான் நடப்போம் என்று தாய்க் கம்பெனியே வெளியிட்ட தாள்களும் அதற்கு எதிராகப் பேசின. கொள்கைத் தாளை அலங்காரத்துக்குப் போடுகிறவர்கள் இதை ஒரு தடவை படிக்கலாம்.

இப்போது என்ன நிலை என்று கேட்டால், கேட் போர்டில் கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து எண்ணுகிறோம். சேர்த்த வருடம் எண் தரைமட்டத்துக்கு வந்தது, ஒருவருக்கு போனஸ் போனது, அவர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை. தொடர்ந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்கும் கார்டு மறுநாள் காலை திறக்காது என்று செக்யூரிட்டி சிஸ்டத்தில் ஒரு விதி போட்டோம். அதைச் சுற்றிப் போக இரண்டு கார்டு வைத்துக்கொள்ளும் வித்தையை மூன்றே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். நாள் சுருங்கினால் விலையும் ஆளும் திரும்பப் பேசப்பட வேண்டும் என்று டெண்டரில் ஒரு பிரிவு சேர்த்திருக்கிறோம், அது இன்னும் ஒரு தடவை கூட சோதிக்கப்படவில்லை. நோட்டு வைத்திருந்த வெல்டருக்குக் கடன் தொகை திரும்பக் கிடைத்தது, ஆவணமும் கிடைத்தது. ஒரு மாதம் கழித்து வேலையை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியாது, போக முடிந்தது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த ஷட்டவுனுக்கான திட்ட மீட்டிங் திங்கட்கிழமை. முதல் வரைவு மெயிலில் வந்துவிட்டது. 21 நாள் என்று இருக்கிறது, ஓரத்தில் யாரோ "18 சாத்தியமா?" என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். நான் பஞ்ச் டேட்டாவை பிரின்ட் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.